தெப்பக்குளத்தை மூன்று சுற்று நடந்தால் போதும் என்று நினைத்திருந்தேன்

பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று ஐந்தே மாதம் ஆகியிருந்தது. ஐப்பசி அடைமழை. கொல்லையில் துவைக்கிற கல்லைச் சுற்றிப் பாசி பிடித்திருந்தது எனக்குத் தெரியும். இருந்தும் முருங்கைக்கீரை ஒரு கொத்து ஒடிக்கலாம் என்று போனவள், வழுக்கி வலது கையை ஊன்றி விழுந்தேன். மாடிப்படியில் உருளவில்லை, வண்டியிலிருந்து விழவில்லை. நின்ற இடத்தில் சரிந்தேன், அவ்வளவுதான். எழுந்து பார்த்தால் மணிக்கட்டு கரண்டிக் காம்பு மாதிரி வளைந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் ஆட்டோ பிடித்து வந்தான். மறுநாள் அறுவை சிகிச்சை, உள்ளே பிளேட், ஏழு ஸ்க்ரூ. மொத்தம் 82,000 ரூபாய், காப்பீடு போகக் கையிலிருந்து 34,000. ஆறு வாரம் கழித்து, "நல்லா சேர்ந்திடுச்சு டீச்சர், இனி ஒண்ணும் கவலையில்ல" என்று டாக்டர் அனுப்பி வைத்தார்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, கையை அழகாகத்தான் சேர்த்திருந்தார். ஆனால் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் நின்ற உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு ஒடிந்தால், அது ஏன் ஒடிந்தது என்று யாராவது ஒருவர் கேட்டிருக்க வேண்டும். திடமான எலும்பு அந்த விழுதலைத் தாங்கும், வீங்கி வலிப்பதோடு போய்விடும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு முதலில் ஒடிவது பெரும்பாலும் மணிக்கட்டு, அப்புறம் முதுகெலும்பு, கடைசியாக இடுப்பு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். நான் முதல் படியில் நின்றிருந்தேன். அன்றைக்கே எலும்பு அடர்த்தியை அளந்திருந்தால் நான்கே மாதத்தில் முதுகு ஒடிந்திருக்காது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒடிந்த விதத்தில் ஒடிந்திருக்காது. அதனால் முதல் விஷயம் இதுதான்: உங்களுக்கோ உங்கள் அம்மாவுக்கோ சின்ன விழுதலில் எலும்பு ஒடிந்திருந்தால், கட்டுப் பிரிக்கிற அன்று டாக்டரிடம் "டெக்ஸா ஸ்கேன் எடுக்கலாமா?" என்று நீங்களே கேளுங்கள். எலும்பு அடர்த்தியை அளக்கிற ஸ்கேன் அது.

எனக்கு அந்தச் சந்தேகமே வராததற்கு ஒரு காரணம் இருந்தது. நான் நடப்பவள். மன்னார்குடிக்காரர்களுக்கு ஹரித்ராநதியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 23 ஏக்கர் தெப்பக்குளம், ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல். கணவர் போன பிறகு வீட்டில் தனியாக விடிகிற பொழுதைத் தள்ளுவதற்காகவே தினம் மூன்று சுற்று நடப்பேன். ஏழு வருடமாக. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. இதற்கு மேல் உடம்புக்கு என்ன செய்ய வேண்டும் என்று கொஞ்சம் கர்வமும் இருந்தது.

கணக்கில் நான் சேர்க்காதது வேறு ஒன்று. 43 வயதில் கர்ப்பப்பையில் கட்டி என்று அறுவை சிகிச்சை செய்து, சினைப்பைகள் இரண்டையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். "இனிமே அது எதுக்கும்மா, பின்னாடி புற்று கிற்று வந்துடப் போகுது" என்றார்கள். மாதாமாதம் படுகிற பாடு ஒழிந்தது என்று எனக்கும் நிம்மதி. ஈஸ்ட்ரோஜன் சுரப்பது அந்தப் பைகளில்தான், அது எலும்புக்கும் காவல் என்று யாரும் சொல்லவில்லை. நம் எலும்பு ஓயாமல் கரைந்து ஓயாமல் கட்டப்படுகிற ஒன்று. கரைக்கிற செல்கள் ஒரு பக்கம், கட்டுகிற செல்கள் ஒரு பக்கம். கரைக்கிற கையைப் பிடித்து வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன். அது போனதும் முதல் ஐந்தாறு வருடம் இழப்பு மிக வேகமாக இருக்கும், அப்புறம் நிதானப்படும். மற்றவர்களுக்கு மாதவிடாய் படிப்படியாக நிற்கிறது, எனக்கு ஒரே நாளில் நின்றது. 58 வயதில் மணிக்கட்டு ஒடிந்தபோது என் எலும்பு 15 வருடமாக அந்தக் காவல் இல்லாமல் இருந்திருக்கிறது. வலி கிடையாது, வீக்கம் கிடையாது, எந்த அறிகுறியும் கிடையாது. சினைப்பை எடுத்தவர்களும், 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்களும், ஆஸ்துமாவுக்கோ மூட்டு வாதத்துக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்களும், அம்மாவுக்கு இடுப்பு ஒடிந்தவர்களும் அந்த ஸ்கேன் எடுக்க 65 வயது வரை காத்திருக்க வேண்டாம்.

இன்னொரு குழப்பம் நம் பேச்சில் இருக்கிறது. முழங்கால் வலித்தாலும் "எலும்பு தேய்மானம்" என்கிறோம், எலும்பு உள்ளே பொத்தலாகிப் போனாலும் "எலும்பு தேய்மானம்" என்கிறோம். முழங்காலில் தேய்வது மூட்டின் மேல் இருக்கிற குருத்தெலும்பு. அது வலிக்கும், மாடி ஏற விடாது. என்னுடையது எலும்புப்புரை, டாக்டர்கள் ஆஸ்டியோபோரோசிஸ் என்பது. எனக்கு முழங்கால் வலியே இல்லை, ஆகவே தேய்மானம் இல்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கை ஒடிவதற்கு ஒரு வருடம் முன்பு தெருமுனையில் இலவச எலும்புப் பரிசோதனை முகாம் போட்டார்கள். குதிகாலை ஒரு பெட்டிக்குள் வைக்கச் சொல்லி, சீட்டில் ஏதோ எண் எழுதி, "கால்சியம் கொஞ்சம் கம்மி" என்று 2,800 ரூபாய்க்கு மாத்திரையும் மாவுடப்பாவும் கொடுத்தார்கள். மூன்று மாதம் சாப்பிட்டுவிட்டு, அந்தக் கணக்கும் தீர்ந்தது என்று இருந்துவிட்டேன். குதிகால் சோதனை ஓர் அறிகுறி காட்டலாம், நோயை உறுதி செய்யாது. ரத்தத்தில் கால்சியம் சரியாக இருப்பதும் எலும்புக்கு நற்சான்று இல்லை. ரத்தத்தில் குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ளும்.

சரி, கை சேர்ந்துவிட்டது. மகள் பெங்களூரிலிருந்து, "நடந்தா மட்டும் போதாதும்மா, ஏதாவது எக்சர்சைஸ் பண்ணு" என்றாள். அவள் சொன்னது சரி, நான் தேர்ந்தெடுத்ததுதான் தப்பு. பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் காலை வேளை யோகா வகுப்பு, மாதம் 700 ரூபாய். சொல்லிக் கொடுத்தவர் நல்ல மனுஷி. ஆனால் 25 வயதுப் பெண்ணுக்கும் எனக்கும் ஒரே பாடம். கால் நீட்டி உட்கார்ந்து குனிந்து கால் கட்டைவிரலைத் தொட வேண்டும், நெற்றி முழங்காலில் பட வேண்டும். எனக்குப் பாதிதான் வரும். ஒரு நாள் அவர் பின்னால் வந்து, முதுகில் கை வைத்து மெல்ல அழுத்தினார். உள்ளே சுள்ளிக் குச்சி முறிகிற மாதிரி ஒரு "மளுக்". வலி பெரிதாக இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன். அன்று சாயங்காலம் குழாயடியில் நிரம்பியிருந்த வாளியைக் குனிந்து, இடுப்பைத் திருப்பித் தூக்கினேன். பெல்ட் போட்டு இறுக்கினது போல முதுகிலிருந்து விலா வரைக்கும் வலி சுற்றி வந்தது. அப்படியே வாளியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டேன். கதவு உள்பக்கம் தாழ். எழுந்து போய்த் திறக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

"வாயுப் பிடிப்பு" என்றார்கள். பெருங்காயம் போட்ட மோர், இஞ்சிச் சாறு, பூண்டு. மூன்று நாளில் போகவில்லை என்றதும் "சுளுக்கு" என்று, நீவி விடுகிறவர் ஒருவரை அண்ணி அழைத்து வந்தார். அவர் குப்புறப் படுக்க வைத்து, முழங்கையால் அழுத்தினார். அந்த வேதனையை எழுதத் தெரியவில்லை. ஒடிந்த எலும்பின் மேல் அழுத்தியிருக்கிறார் என்று பிறகுதான் புரிந்தது. அப்புறம் எண்ணெய்ச் சிகிச்சை, 14 நாளுக்கு 14,000. அப்புறம், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, பழைய சக ஆசிரியை ஒருவர் வந்து உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசியதில் 38,000 ரூபாய்க்குக் காந்த மெத்தை வாங்கினேன். வலியில் இருக்கிறவள் கணக்குப் பார்க்க மாட்டாள் என்று அந்த வியாபாரத்துக்குத் தெரிந்திருக்கிறது. நான் கணக்கு டீச்சர் வேறு. பங்குனி வந்தது. வெண்ணெய்த்தாழி அன்று ராஜகோபாலன் வெளியே எழுந்தருள்கிற மேளச் சத்தம் கேட்கிறது, நான் மெத்தையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறேன். பிறந்ததிலிருந்து தவறவிடாத திருவிழா.

இப்படியே போன பதினோரு வாரத்தில் என் உடம்பு இன்னொன்றும் சொல்லிக்கொண்டிருந்தது. புடவை தரையில் புரண்டது. உள்பாவாடை நாடா தளர்ந்துவிட்டது என்று நினைத்து இறுக்கிக் கட்டினேன். அடுக்களையில் மேல்தட்டு டப்பாவுக்குக் கை எட்டவில்லை. ரவிக்கை முன்னால் தொளதொளத்து முதுகில் இழுத்துப் பிடித்தது. தஞ்சாவூரில் டாக்டர் அளந்தபோது, பழைய ஆவணத்தில் இருந்த உயரத்தை விட நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்தேன். வீட்டில் கதவு நிலையில் பேரப் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்து வைக்கிறோமே, பக்கத்தில் நம் உயரத்தையும் வருடம் ஒருமுறை பென்சிலால் குறித்து வைக்கலாம். செலவில்லாத சோதனை. மூன்று நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதுதான் சரி. முதுகெலும்பு ஒடிகிறபோது பலருக்கு வலியே இருக்காதாம், வயசாகிவிட்டது கூன் விழுகிறது என்று விட்டுவிடுகிறார்கள்.

மகள் லீவு போட்டு வந்து தஞ்சாவூருக்குக் காரில் அழைத்துப் போனாள். எக்ஸ்ரேயில் இரண்டு எலும்பு, நெஞ்சுப் பகுதியின் கடைசி எலும்பும் அதற்கு அடுத்த இடுப்புப் பகுதியின் முதல் எலும்பும், முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி இருந்தன. எம்.ஆர்.ஐ. 7,000 ரூபாய். டெக்ஸா 3,000. டெக்ஸா என்றால் பயப்பட ஒன்றுமில்லை, ஊசி இல்லை, குகைக்குள் போக வேண்டியதில்லை. பத்து நிமிடம் மல்லாந்து படுத்தால் போதும், கதிர்வீச்சும் மிகக் குறைவு. அதில் வருவது டி ஸ்கோர் என்ற எண். திடமான இளம் வயது எலும்போடு ஒப்பிட்டு நாம் எவ்வளவு கீழே இருக்கிறோம் என்று காட்டும். மைனஸ் 1 வரை சரி, மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப்புரை. உலக சுகாதார நிறுவனம் 1994இல் வைத்த கோடு அது. எனக்கு முதுகில் மைனஸ் 3.4, இடுப்பில் மைனஸ் 2.6. வைட்டமின் டி 11, இருக்க வேண்டியது குறைந்தது 20. தைராய்டு, பாராதைராய்டு, சிறுநீரகம், ரத்தத்தில் புரதம் எல்லாம் பார்த்தார்கள். எலும்பு மெலிவதற்கு வேறு நோய் காரணமாக இருக்கக் கூடாதே என்பதற்காக. இதைச் செய்யாமல் நேராக மருந்து எழுதுகிறவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுவது நல்லது.

அங்கே இருந்தவர் என் மகள் வயது டாக்டர். முதல் கேள்வியே, "மாதவிடாய் எப்பம்மா நின்னுச்சு?" என்றார். அறுவை சிகிச்சை நடந்து 15 வருடம் கழித்து முதல் தடவையாக ஒருவர் அதைக் கேட்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த தப்பு. பயம். எலும்பு ஒடிந்தது தெரிந்ததும் எல்லாரும் என்னைக் கண்ணாடிப் பாத்திரமாக ஆக்கிவிட்டார்கள். "அசையாதே", "எடுக்காதே", "நான் வர்றேன் இரு". மகள் ஒரு மாதம் இருந்துவிட்டு, வேலைக்கு ஆள் வைத்துவிட்டுப் போனாள். இடுப்புக் கச்சையை டாக்டர் சில வாரம், அதுவும் நடமாடும்போது மட்டும் போடச் சொன்னார். நான் மூன்று மாதம் தூங்குகிற நேரம் தவிரக் கழற்றவில்லை. தெப்பக்குளத்துப் பக்கமே போகவில்லை. ஒரு நாள் கையிலிருந்து ஸ்பூன் விழுந்தது. அதைக் குனிந்து எடுக்கத் தைரியம் இல்லாமல், வேலைக்கார அம்மா வருகிற வரை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். முதுகு வலி அதற்குள் பாதி போய்விட்டது. ஆனால் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியவில்லை, தொடைச் சதை வற்றிவிட்டது. மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டர் திட்டினார். சுமை இல்லாத எலும்பு இன்னும் வேகமாகக் கரையும் என்றார். விண்வெளியில் மாதக்கணக்கில் எடையில்லாமல் மிதந்துவிட்டு வருகிற ஆரோக்கியமான வீரர்களுக்கே எலும்பு குறைகிறதாம். படுக்கையில் கிடந்தது முதல் சில நாளுக்குச் சரி. மூன்று மாதம் கிடந்தது நானாக வரவழைத்துக்கொண்ட நஷ்டம்.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு ஒத்துவந்தது உங்களுக்கு ஒத்துவர வேண்டும் என்றில்லை. முதலில் எட்டு வாரம், வாரம் ஒருமுறை 60,000 யூனிட் வைட்டமின் டி. அது நிரம்பிய பிறகுதான் எலும்பு கரைவதைக் குறைப்பதற்காக வருடம் ஒருமுறை நரம்பில் ஏற்றுகிற ஜோலெட்ரோனிக் அமிலம். வைட்டமின் டி குறைவாக இருக்கும்போது இதை ஏற்றினால் ரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்கிவிடும் என்பதால் இந்த வரிசை. அதற்கு முன்பே பல் டாக்டரிடம் போய், பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கச் சொன்னார்கள். மருந்து ஏற்றியபின் பல் பிடுங்கினால், அபூர்வமாகத் தாடை எலும்பு ஆறாமல் போகலாமாம். மருந்து ஏற அரை மணி நேரம். அன்று ராத்திரி காய்ச்சல், உடம்பு முழுக்க அடித்துப் போட்ட மாதிரி வலி, இரண்டு நாள். யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் தனியாக இருந்திருக்க மாட்டேன். முதல் தடவைதான் அப்படி, அடுத்த வருடம் பாரசிட்டமால் போட்டுக்கொண்டு, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனேன், ஒன்றும் தெரியவில்லை. அண்ணிக்கு எலும்பு கரைவதைக் குறைக்க ஊசிக்குப் பதில் வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அவர் அதை ஆறு மாதம் காலைக் காபியோடு சாப்பிட்டிருக்கிறார். வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் வெறும் தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் மாத்திரை உடம்பில் சேராது, உணவுக்குழாயையும் புண்ணாக்கும். இன்னொன்று, அந்த 60,000 யூனிட் மாத்திரையை, நல்லதுதானே என்று வருடக்கணக்கில் வாராவாரம் போட்டுக்கொள்கிறவர்களைப் பார்க்கிறேன். அளவு மீறினால் அதுவும் விஷம்.

மருந்து பாதி. மீதியைக் கற்றுக்கொடுத்தவர் ஊரிலேயே இருந்த ஒரு பிசியோதெரபி தம்பி, ஒரு தடவைக்கு 400 ரூபாய். முதல் நாளே, "குனியுறது எப்படின்னு முதல்ல படிப்போம்மா" என்றார். 59 வயது வரை குனியத் தெரியாமலா இருந்தேன் என்று எரிச்சலாக வந்தது. தெரியாமல்தான் இருந்திருக்கிறேன். நாம் முதுகை வில்லாக வளைத்துக் குனிகிறோம். அப்போது முதுகெலும்பின் முன்பக்கத்தில் சுமை குவிகிறது, மெலிந்த எலும்பு அந்த இடத்தில்தான் நசுங்கும். இரண்டு கையிலும் சாமான் இருக்கும்போது பீரோக் கதவைப் பின்புறத்தால் தள்ளிச் சாத்துவோமே, அப்படி இடுப்பைப் பின்னால் தள்ளி, முதுகைப் பலகை மாதிரி வைத்துக்கொண்டு, முழங்காலை மடக்கி இறங்க வேண்டும். சுவருக்கு ஓர் அடி முன்னால் நின்று, பின்புறம் சுவரைத் தொடும்வரை பழகினேன். அந்த ஸ்பூனை எடுக்க எனக்கு நான்கு நாள் பயிற்சி தேவைப்பட்டது.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்த்தார். குப்புறப் படுத்து, நெற்றியையும் நெஞ்சையும் இரண்டு விரற்கடை தரையிலிருந்து தூக்குவது, முதுகுச் சதைக்காக. நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது, முதலில் தலையணை போட்டு உயர்த்தி, அப்புறம் தலையணை இல்லாமல், அப்புறம் நெஞ்சோடு இரண்டு கிலோ அரிசிப் பையை அணைத்துக்கொண்டு. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. அடுக்களை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. பால் காய்கிற நேரம் ஒற்றைக் காலில் நிற்பது. இதில் முதல் நாள் நான்கு விநாடி நின்றேன், இப்போது முப்பது. நானாக வீரம் பேசி டம்பெல் வாங்கப் போனபோது, "முதல்ல ஒரு கிலோ" என்று நிறுத்தினார். எட்டு மாதத்தில் கைக்கு நான்கு கிலோ. பத்துப் பன்னிரண்டு முறை தூக்கியதும் இன்னும் இரண்டுதான் முடியும் என்கிற அளவுக்குச் சுமை இருக்க வேண்டும், இருபது முறை சுலபமாக வந்தால் எடையைக் கூட்ட வேண்டும் என்பது அவர் கணக்கு. வாரம் மூன்று நாள், முப்பது நிமிடம். குதிக்கிற பயிற்சி எனக்குக் கூடாது என்று சொல்லிவிட்டார், முதுகெலும்பு ஏற்கெனவே ஒடிந்தவள் என்பதால்.

"அப்ப ஏழு வருஷம் நடந்தது வீணா தம்பி?" என்று ஒரு நாள் கேட்டேன். வீணில்லை, இதயத்துக்கும் மனசுக்கும் நல்லது, காலில் தெம்பு இருப்பதும் அதனால்தான் என்றார். ஆனால் எலும்பு பழகிப்போன சுமைக்குத் திரும்பிக்கூடப் பார்க்காது. நடை என் எலும்புக்குப் பழைய செய்தி. புதிதாக, கொஞ்சம் கூடுதலாகச் சுமை வந்தால்தான் கட்டுகிற செல்கள் வேலையை ஆரம்பிக்கும். சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்கிறது என்று ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இலேயே எழுதியிருக்கிறார். மகள் தேடி அனுப்பியதில் இரண்டு ஆய்வுகள் மனதில் நின்றன. ஒன்று ஆஸ்திரேலியாவில் கிரிஃபித் பல்கலைக்கழகத்துக்காரர்கள் செய்தது, 2018இல் வெளியானது. எலும்பு மெலிந்த, சராசரி 65 வயதான 101 பெண்கள். ஒரு பாதிப் பேர் பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம் கனமான எடை தூக்கினார்கள், மேலிருந்து தொங்கிக் குதித்தார்கள். எட்டு மாதத்தில் அவர்கள் முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்த மற்றவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. இதைப் படித்துவிட்டு நாளைக்கே யாரும் வீட்டில் தனியாகத் தூக்கிவிடாதீர்கள், ஆள் பக்கத்தில் நின்று செய்ய வைத்தது அது.

இன்னொன்றைப் படித்தபோது கை நடுங்கியது. 1984இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து வந்தது, முதுகெலும்பு மெலிந்த 59 பெண்களைப் பற்றியது. முதுகைப் பின்னால் நிமிர்த்துகிற பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம் பேருக்குத்தான் புதிதாக எலும்பு நசுங்கியது. முன்னால் குனிகிற பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம். பயிற்சியே செய்யாதவர்களில் 67. அதாவது, தப்பான பயிற்சிக்குச் சும்மா இருந்ததே மேல். சின்ன ஆய்வுதான், ஆனால் அந்த 89 சதவீதத்தில் என்னையும் ஒருத்தியாகப் பார்த்தேன். எல்லா யோகாவையும் குறை சொல்லவில்லை. ஒற்றைக் காலில் நிற்கிற விருட்சாசனம் இப்போதும் செய்கிறேன், குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்குகிற புஜங்காசனமும் அளவோடு. எலும்பு மெலிந்தது தெரிந்துவிட்டால், நான் செய்த அந்தக் கட்டைவிரல் தொடுகிற பச்சிமோத்தாசனம், மல்லாந்து படுத்துக் காலைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகிற ஹலாசனம், குனிந்தபடி இடுப்பைத் திருகுகிற எதுவும் வேண்டாம். வகுப்பில் சேருகிற அன்றே, வாய்விட்டு, கூச்சப்படாமல் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.

தெருவில் எனக்கு இப்போது "பயில்வான் டீச்சர்" என்று பெயர். எதிர்வீட்டுப் பாட்டி, "அந்தக் காலத்துல அம்மி அரைச்சோம், குடம் தூக்கினோம், எங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று தினம் ஒரு தடவை சொல்வார். அவர் சொல்வதில் பாதி உண்மை. ஆனால் அம்மி அரைத்த என் அம்மாவுக்கும் எழுபதில் கூன் விழுந்தது. வரிசையாக ஆறு பிள்ளை, வயிற்றுக்குப் பற்றாத சாப்பாடு, குனிந்தே செய்த வேலை. அம்மி மட்டும் யாரையும் காப்பாற்றிவிடவில்லை.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் இல்லை. நாளைக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்றார்கள். நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 இருக்கிறது, ஒரு டம்ளர் பாலில் 240 போல. தயிர், எள், முருங்கைக்கீரை சேர்த்துப் பெரும்பகுதியைச் சாப்பாட்டிலேயே எடுத்து, குறைவதற்கு மட்டும் மாத்திரை. நான் கோட்டை விட்டது புரதத்தில். தனியாக இருக்கிறவள் ரசமும் ஒரு கூட்டுமாக முடித்துவிடுவேன். சதை வளர என்ன இருக்கிறது அதில்? இப்போது தினம் ஒரு வேளை சுண்டலோ பன்னீரோ இருக்கும், முட்டையும் சாப்பிட ஆரம்பித்துவிட்டேன், அண்ணியிடம் சொல்லவில்லை. கொல்லையைச் சொரசொரப்பான சிமெண்டு போட்டு மாற்றினேன், 9,000 ரூபாய். குளியலறையில் கைப்பிடி, ராத்திரி எழுந்தால் விளக்கு, கண்புரைக்கு அறுவை சிகிச்சை. ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறுவதில்லை.

கணக்கு டீச்சர் என்பதால் எழுதி வைத்திருக்கிறேன். முகாம் மாத்திரை, எண்ணெய், மெத்தை, நீவி விட்டவருக்குக் கொடுத்தது என்று வீணாய்ப் போனது 56,300. எனக்கு உண்மையில் உதவியவை, அதாவது டெக்ஸா, ரத்தப் பரிசோதனை, இரண்டு வருட மருந்து, பிசியோதெரபி, டம்பெல், கொல்லைத் தரை எல்லாம் சேர்த்து 47,000 சொச்சம். இரண்டு வருடம் கழித்து அதே இடத்தில், அதே இயந்திரத்தில் திரும்ப டெக்ஸா எடுத்தேன். இயந்திரம் மாறினால் எண்களை ஒப்பிட முடியாது. முதுகு மைனஸ் 3.4இலிருந்து மைனஸ் 2.9. பெரும்பங்கு மருந்துக்கு என்றார் டாக்டர், எடை தூக்கியதற்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. எனக்கு அந்த எண்ணை விட, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் ஐந்து முறை 11 விநாடியில் எழுகிறேன் என்பதுதான் பெரிதாகப் படுகிறது. போன உயரம் திரும்பவில்லை. குளிர்காலத்தில் முதுகு இன்னும் இறுகும். வெண்ணெய்த்தாழிக்கு இரண்டு வருடமாகப் போய் வருகிறேன், கூட்டத்தில் ஓரமாக.

போன வாரம் மூன்றாவது வீட்டுப் பெண், 52 வயது, வாசல் தெளித்த ஈரத்தில் வழுக்கி மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். டெக்ஸாவைப் பற்றிச் சொன்னதும், "கட்டுப் பிரிக்கட்டும், அப்புறம் பாக்கலாம் டீச்சர்" என்றாள். அவளுக்கு மாதவிடாய் எப்போது நின்றது என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணிவிட்டு, "நாப்பத்தி நாலுல" என்றாள். அடுத்த செவ்வாய்க்கிழமை தஞ்சாவூருக்கு ஸ்கேனுக்கு நேரம் வாங்கிவிட்டேன். ஆறு மணி பஸ். நானும் கூடப் போகிறேன்.